தேனீ உண்ணி ஆய்வுப் பிரிவு (தற்காலிகம்)

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் சக்கரம்தான் பெரிது என்பார்கள். நெருப்புதான் பெரிது என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் தவறு. தற்காலிகப் பிரிவுதான் பெரிது. சக்கரம் தேய்ந்துவிடும், நெருப்பு அணைந்துவிடும். ஒரு தற்காலிகப் பிரிவைத் திறந்துவிட்டால் அதை மூடுவதற்கு இன்னும் ஆள் பிறக்கவில்லை. இதை யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. திருவொற்றியூரில், கடலோரச் சரக்குக் கிடங்கு வாரியத்தின் தேனீ உண்ணி ஆய்வுப் பிரிவில் தலைமை எழுத்தராக உட்கார்ந்து, அதன் பிறப்பையும் வளர்ப்பையும் இந்தக் கையாலேயே கோப்பில் ஏற்றியவன் நான். பெயர் செல்வநாதன். பெயருக்குக் கீழே முத்திரை குத்தாமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் கூசுகிறது.

எங்கள் கிடங்குகளுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி அறுபத்து நான்கு லைன் வீடுகள் இருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டி இழுக்கிறவர்கள், மீன் கூடைக்காரிகள் குடியிருந்தார்கள். அவர்களுக்காக வாரியம் கட்டிய நாலு கால் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. வருஷா வருஷம் தை மாதத்தில் மலைத்தேனீக்கள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து, அந்தத் தொட்டியின் அடிவயிற்றில் கதவு அகலத்துக்கு அடை கட்டும். ஆனி பிறப்பதற்குள் அடையை அப்படியே போட்டுவிட்டு, வந்த வழியே போய்விடும். வால்வு திறக்கும் கஸ்பார் நனைந்த கோணியைப் போர்த்திக்கொண்டு காலையில் ஏறுவான், வால்வைத் திருகுவான், இறங்குவான். கொட்டு வாங்கினால் மாதாவைக் கூப்பிடுவான். இப்படியாக, அறிவியல் பார்வையே இல்லாமல், லைனுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் கஸ்பாருக்குக் கண்ணிமையில் கொட்டிவிட்டது. மூன்று நாள் ஒரு கண்ணோடு திரிந்துவிட்டு ஒரு மனு கொடுத்தான். மனுவில் இருந்தது ஒரே வரி. ஏணி அடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதைக் கழற்றி எதிர்ப்பக்கக் காலில் மாட்டித் தரவேண்டும். மொத்தம் நாலு போல்ட்டு.

மனு வெள்ளத்துரை ஐயாவிடம் போனது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாரியத்தின் புளி வண்டு ஒழிப்புப் பிரிவுக்குச் சிறப்பு அலுவலர். அந்தச் சமயம் கிடங்கிலிருந்த புளியெல்லாம் விற்றுப்போய், வண்டும் போய், பிரிவும் போகிற நிலையில் இருந்தது. ஐயாவும் நானும் கீழே ஒன்பது பேருமாகப் பதினோரு பேர் எதை ஒழிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஐயா மனுவை இரண்டு தடவை படித்தார். ஏணியைப் பற்றிய பகுதி அவர் கண்ணில் படவில்லை. தேனீ என்ற சொல் பட்டுவிட்டது.

உடனே ராயபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் நடத்தும் ஃப்ளோரன்ஸ் டீச்சரை வரவழைத்தோம். டீச்சர் கீழே விழுந்துகிடந்த அடைத் துண்டு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"இதில் உண்ணி இருக்கிறது சார். கடுகில் பாதி இருக்கும், பாருங்கள். தேனீயின் புழுமேல் ஏறி உட்கார்ந்து சத்தை உறிஞ்சும்" என்றார்.

"தேனீயை ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டார் ஐயா.

"வளர்ந்த தேனீயைக் கடிக்க அதற்கு வாய் போதாது. பச்சைப் புழுதான் வேண்டும். அதனால் சில குஞ்சுகள் சாகும், சிலது இறக்கை மடங்கிப் பிறக்கும்."

"அடப்பாவமே. அப்போ இதுக்கு ஒரு பிரிவு வேணும்லா?"

"எதற்கு சார்? தேனீயே பார்த்துக்கொள்ளும். ஊர் மாறுவதற்கு முன்னால் அது முட்டை வைப்பதை நிறுத்திவிடும். அடையில் புழு இருக்காது. தேனீ பறந்துபோகும், உண்ணி வெறும் அடையில் தங்கிவிடும். தின்ன ஒன்றும் இல்லாமல் மூன்று நாளில் செத்துப்போகும். ஒன்றிரண்டு தொற்றிக்கொண்டு போனாலும் வழியிலேயே முடிந்துவிடும். காட்டுத் தேனீ பிழைத்துக் கிடப்பதே இந்தப் பயணத்தால்தான்."

ஐயா என் பக்கம் திரும்பினார். "செல்வநாதன், இறக்கை மடங்கிப் பிறக்கும்ங்கிறது வரைக்கும் எழுதும். மிச்சம் வேண்டாம்."

எழுதினேன். பதினைந்தே நாளில் ஆணை வந்தது. புளி வண்டுப் பிரிவின் பதினோரு பணியிடங்களும் தேனீ உண்ணி ஆய்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டன, "உண்ணி உள்ளவரை மட்டும்". பிரிவு ஏன் தேவை என்ற கேள்விக்கு, அறுபத்து நான்கு குடும்பங்கள் குடிக்கும் தண்ணீரின் நலனை முன்னிட்டு என்று நான்தான் பதில் எழுதினேன். அழகாக வந்திருந்தது. எழுதிய அன்றே, ஆய்வுப் பொருளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் தொட்டியில் யாரும் ஏறக்கூடாது என்ற உத்தரவையும் எழுதினேன். அதுவும் நன்றாகத்தான் வந்திருந்தது. தண்ணீர் நின்றது.

மறு திங்கட்கிழமை முத்தம்மா வந்தாள். மீன் கூடைக்காரி, லைனில் மூன்றாவது வீடு. கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கூடவே மீன் வாசனையும் வந்தது.

"இன்னா சார், தண்ணி எப்போ வுடுவீங்க?"

"பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

"அது எங்க வேணா இருக்கட்டும். எம் பொண்ணு புஷ்பவல்லி பிரசவத்துக்கு வூட்டுக்கு வந்துகீது. தலப் பிள்ள. ஆனி பொறந்தா பொறந்துரும். அன்னிக்கு வூட்ல தண்ணி இல்லன்னா நா இன்னா பண்றது?"

"அடிபம்ப் இருக்கிறதே."

"அது ரயிலு லயனுக்கு அந்தாண்ட கீது நைனா. நடுவுல கூட்ஸு நிக்குது. குடத்த தூக்கிகினு வண்டிக்கு அடியில பூந்து வர்றோம். நீ ஒருநாளு பூந்து பாரேன்."

அவள் என்னை நைனா என்று கூப்பிட்டதையும் ஒருமையில் பேசியதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஆவன செய்யப்படும் என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு அவள் திங்கட்கிழமை தவறியதில்லை. பங்குனியில் ஒருநாள் பெண்கள் அடியில் நுழைந்திருந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. எல்லோரும் உருண்டு தப்பினார்கள். புஷ்பவல்லியின் குடம் மட்டும் சக்கரத்தில் போனது. அன்றைய நாட்குறிப்பில், "ஒரு குடம் நசுங்கியது; வாரியச் சொத்து அல்ல" என்று விடாமல் பதிவு செய்தேன். எங்கள் பிரிவில் எதையும் மறைக்கிற பழக்கம் கிடையாது.

கஸ்பார் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தான்.

"சார், பேஜாரு பண்ணாத சார். நா கோணிய போத்திகினு ஏறிர்றேன். அஞ்சு நிமிசம். பூச்சிக்கி தெரியவே தெரியாது."

"பூச்சிக்குத் தெரியாது கஸ்பார். மேலிடத்துக்குத் தெரியுமே" என்றேன்.

"நாலு போல்ட்டு சார்."

"உன் மனு புளி வண்டுப் பிரிவுக்கு எழுதியது. அந்தப் பிரிவு இப்போது இல்லை. புதிதாக எழுது."

எழுதினான். ஏணி சம்பந்தப்பட்ட விஷயம் கட்டடப் பிரிவுக்கு உரியது என்று திருப்பி அனுப்பினோம். கட்டடப் பிரிவு, தேனீ சம்பந்தப்பட்ட ஏணி எங்களுக்கு உரியது என்று திருப்பி அனுப்பியது. மனு ஏறி இறங்கிய அத்தனை படி கஸ்பாரே தன் ஏணியில் ஏறியிருக்கமாட்டான்.

சித்திரை முடிகிற சமயத்தில் பிரிவுக்கு ஓர் ஆபத்து வந்தது. வைகாசி கடைசியில் தேனீ போய்விடும், பின்னாலேயே உண்ணி செத்துவிடும், அதோடு "உண்ணி உள்ளவரை" என்ற ஆணையும் செத்துவிடும் என்பது ஐயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் சொன்னதில் எழுத வேண்டாம் என்று விட்ட பகுதி அதுதான். அவசரக் கூட்டம் கூட்டினார்.

"என்னவே இது, சொல்லாம கொள்ளாம போயிருமாம்லா? இத்தனை பேரு குடும்பத்த நெனச்சுப் பாத்துதா அது?"

"காட்டுப் பூச்சி சார். அதற்கு என்ன தெரியும்?" என்றேன்.

"எதுக்குவே போவுது?"

"பூ குறைந்துவிட்டால் போகுமாம்."

"அப்போ தீனி போட்டா நிக்கும். சீனிப் பாகு வையும்."

சர்க்கரைக்கு அன்றைக்கு எங்கே போவது? குடும்ப அட்டை இருந்தால்தான் சர்க்கரை. வாரிய ஊழியர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு எழுதினோம். விதிப்படி அட்டை இல்லாமல் தரமுடியாது என்று விண்ணப்பப் படிவம் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். விதி என்றால் விதிதான். தேனீக்களுக்கு அட்டை வாங்க நானே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். குடும்பத் தலைவர் பெயர்: ராணி. கணவர் பெயர்: பலர், அனைவரும் காலமாகிவிட்டனர். தொழில்: முட்டையிடுதல். முகவரி: தண்ணீர்த் தொட்டி, அடிப்புறம். உறுப்பினர்: பெரியவர் இருபதாயிரம், சிறியவர் எண்ண இயலவில்லை. வேறு ஊரில் அட்டை உள்ளதா: ஆம் எனில் ஒப்படைக்கப்படும்.

பண்டகசாலைக்காரர்கள் ஒரே ஒரு குறை கண்டார்கள். குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லையாம். அவருக்குப் பதிலாக நான் போட்டேன்.

சர்க்கரை மூட்டை வந்தது. பாதி பாகாகித் தொட்டியின் கால் பக்கத்துத் தட்டுகளுக்குப் போனது. மீதிப் பாதியைத் தரம் சோதிப்பதற்காக அலுவலகக் காபியில் போட்டுப் பதினோரு பேரும் தினம் இரண்டு வேளை சோதித்தோம். தரத்தில் குறை சொல்ல முடியாது. தேனீக்களும் குறை சொல்லவில்லை. லைன் பிள்ளைகள் தட்டுப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு அட்டைக்கு அந்த மாதம் சர்க்கரை போடவில்லை என்று முத்தம்மா வந்து சொன்னாள்.

"பூச்சிக்கி சக்கர, மன்சனுக்கு தண்ணி கூட கெடியாது. நல்லா கீது சார் உங்க நாயம். இன்னும் முப்பது நாளு கீது, ஞாபகம் வச்சிகினு பேசு."

"பாகு வைப்பதே உங்களுக்காகத்தான் அம்மா. ஆய்வு முடிந்தால்தானே தண்ணீர்?"

"ஆய்வு எப்போ முடியும்?"

"உண்ணி இருக்கிற வரைக்கும் நடக்கும்."

"உண்ணி எப்போ சாவும்?"

"அதைத்தான் சாகாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் சத்தம் போடாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

பாகோடு நில்லாமல் ஐயா ஒரு குறிப்பாணையும் எழுதச் சொன்னார். தட்டச்சு செய்து தொட்டிக் காலில் ஒட்டினோம். கஸ்பார் லைன்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான். "'முன் அனுமதி பெறாமல் இடம்பெயரக் கூடாது. மீறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' இன்னா மாமு, பூச்சிக்கு மெமோ குடுத்துக்கிறாங்கோ" என்றான். சிரித்தார்கள். சிரித்த அறுபது எழுபது பேர் கையிலும் காலிக் குடம் இருந்தது.

வைகாசி இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, தேனீக்கள் குறிப்பாணையை மீறின. அடை முழுக்கத் திமுதிமுவென்று ஒரு சலசலப்பு. அப்புறம் மொத்தமும் கிளம்பி, கறுப்பாக ஒரு சுற்றுச் சுற்றி, மாதவரம் பக்கமாகப் போய்விட்டது. பாகுத் தட்டு நிறைய இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லைனில் ஒரே ஆரவாரம். கஸ்பார் திருகு சாவியோடு ஏணியில் கால் வைத்தான். முத்தம்மா கீழே நின்று, "ஏறு, ஏறு" என்றாள். புஷ்பவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேளை நெருங்கிவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

ஐயா ஓடிவந்தார். "எறங்குடே. அடை அப்படியே தொங்குது, உள்ள உண்ணி இருக்கு. இப்பந்தான் ஆய்வே ஆரம்பம்."

"பூச்சி பூட்ச்சே சார்."

"நாம தேனீப் பிரிவு இல்லடே. உண்ணிப் பிரிவு."

ஏணியில் சங்கிலி போட்டு அரக்கு முத்திரை வைத்தோம். அரக்கு உருக்கியது நான்தான். பிறகு கிடங்கிலிருந்து வேறோர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, உண்ணிகளைக் காப்பாற்றுகிற வேலையில் இறங்கினோம். முட்டை வெள்ளைக்கருவைக் குச்சியில் தொட்டு அடையில் தடவிப் பார்த்தோம். பால் ஏடு தடவினோம். இரவல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். முதல் நாள் நாற்பத்தொன்று ஊர்ந்தன. இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் ஒன்று, அதுவும் மாலையில் காலைத் தூக்கிவிட்டது. ஐயா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு ஜீவன் சாகும்போது அலுவலகம் அத்தனை பேரும் மனதாரத் துக்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

இங்கேதான் என் சேவையைச் சொல்லவேண்டும். உண்ணி இறந்தது என்று எழுதினால் பதினோரு குடும்பம் தெருவுக்கு வரும். பொய் எழுதவும் எனக்குப் பழக்கமில்லை. யோசித்து இப்படி எழுதினேன்: "உண்ணிகள் தற்போது காணப்படவில்லை. தலைமறைவாக இருக்கலாம். தேடுதல் பணி முடியும்வரை தொட்டி மூடி வைக்கப்படவேண்டும்." மேலிடத்தில் ஒரே நாளில் கையெழுத்தாகிப் பிரிவுக்கு இரண்டு வருஷ நீட்டிப்புக் கிடைத்தது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை, ஆனி இரண்டாம் தேதி, லைனில் கைவண்டிகள் நின்றன. அறுபத்து நான்கு வீட்டுக்கும் வியாசர்பாடியில் அரசாங்கம் கட்டிய போர்டு வீடு கேட்டு முத்தம்மா எப்போதோ கைநாட்டு வாங்கி மனுக் கொடுத்திருக்கிறாள். என் வாசலில் ஒருநாள் சத்தம் போடாமல் போனாளே, அன்றைக்கு மத்தியானமே கொடுத்தாளாம். ஒதுக்கீடு வந்துவிட்டது. எங்களிடம் யாரும் முன் அனுமதி கேட்கவில்லை. பாய், பானை, தட்டுமுட்டு எல்லாம் வண்டியில் ஏறின. புஷ்பவல்லியை ஒரு வண்டியில் தலையணை வைத்து உட்காரவைத்து, கஸ்பாரே இழுத்தான். பத்து மணிக்கு லைன் காலி. அடுப்புச் சாம்பலும் ஆணிகளும்தான் சுவரோடு இருந்தன.

போன மூன்றாம் நாள் புஷ்பவல்லிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாம். இது எனக்கு, முத்தம்மாவை அங்கே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்த ஃப்ளோரன்ஸ் டீச்சர் சொல்லித் தெரியும். கேட்டதும் என்னையறியாமல் பெருமூச்சு வந்தது. அது அலுவல் ரீதியானது அல்ல.

பிரிவு நடந்துகொண்டிருந்தது. ஆவணியில் தணிக்கைக்காரர் வந்தார். கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டி, "அறுபத்து நான்கு குடும்பங்களின் நலனை முன்னிட்டு என்று இருக்கிறதே, அந்தக் குடும்பங்கள் எங்கே?" என்று கேட்டார்.

"வியாசர்பாடிக்குப் போய்விட்டார்கள்" என்றேன்.

"பிறகு இங்கே நீங்கள் யாருக்காக இருக்கிறீர்கள்?"

அவர் போனபின் மூன்று நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு பேரும் வெறும் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் வெள்ளத்துரை ஐயா மேசையைத் தட்டி எழுந்தார். எழுதச் சொன்னார். பொதுமக்கள் நலனே பிரிவின் நோக்கமாதலால், மேற்படி மக்கள் எங்கு சென்றாலும் பிரிவும் உடன் சென்று சேவையைத் தொடர ஆணையிட வேண்டும் என்று எழுதினேன். ஆணை வந்தது. கூடவே ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள்.

போனோம். போர்டு வீடுகளுக்கு நடுவில் நாலு கால் தொட்டி ஒன்று, எங்களுக்கென்றே கட்டியது போல நின்றது. ஐயா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லயேவே" என்றார்.

"தை மாதம் வரட்டும் சார். முன்னெச்சரிக்கையாக ஏணியை மட்டும் பூட்டி வைப்போம்" என்று சொல்லி, மெழுகுவத்தியைக் கொளுத்தி அரக்கை உருக்க ஆரம்பித்தேன்.

முத்தம்மா குழாயடியில் நின்றிருந்தாள். இடுப்பில் பேரன். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் நின்ற ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:

"டீச்சரம்மா சொன்னது சரிதான் நைனா. பூச்சி எடம் மாறுனா உண்ணி பின்னாடியே வர்றதில்ல. பாவம், அதுக்கு யாரும் ஜீப்பு குடுக்கல."